எங்கே வெட்டினார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோய் இருப்பவரைக் கணினியே கண்டுபிடித்துவிடும், துல்லியம் 90 சதவீதம் என்கிற மாதிரிச் செய்திகள் நாளிதழ்களின் கல்விப் பக்கத்திலும் மருத்துவப் பக்கத்திலும் அடிக்கடி வருகின்றன. பழைய மாடலைவிட இரண்டு சதவீதம் கூடுதல் என்ற ஒப்பீடும் கூடவே வரும். இவற்றில் பலவற்றுக்கு அடியில் இருப்பது லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற பழைய, நம்பகமான கணக்குமுறை. முறையில் கோளாறு இல்லை. அதைக் கொண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஓர் எண் சொல்லாமலே விடப்படுகிறது. வெட்டுப்புள்ளி என்ற அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

லாஜிஸ்டிக் ரெக்ரஷன் யாரையும் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வதில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்பன போன்ற விவரங்களை வாங்கிக்கொண்டு 0க்கும் 1க்கும் இடையில் ஒரு நிகழ்தகவைத் தருகிறது. 0.08, 0.31, 0.64 என்று. எந்த எண்ணுக்கு மேலே இருந்தால் ‘உண்டு’ என்று எடுத்துக்கொள்வது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதில்லை. மென்பொருள் தானாகவே 0.5இல் வெட்டிவிடுகிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தரும் வகைப்பாட்டு அட்டவணைக்குக் கீழே வெட்டு மதிப்பு .500 என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆய்வேட்டுக்குள் அட்டவணை போகும்போது அந்த வரி உதிர்ந்துவிடும். பைத்தான் நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் தொகுப்பிலும் நேரடியாக வகை கேட்டால் அதே 0.5தான். ஆர் மொழியில் இன்னொரு பொறி உண்டு. ஜிஎல்எம் (லாஜிஸ்டிக் ரெக்ரஷனை ஓட்டும் கட்டளை) மாடலிடம் கணிப்பு கேட்கும்போது ‘ரெஸ்பான்ஸ்’ என்று குறிப்பிடாவிட்டால், வருவது நிகழ்தகவு அல்ல, அதன் லாக்-ஆட்ஸ் (நோய் இருக்கும் வாய்ப்பை இல்லாத வாய்ப்பால் வகுத்து எடுத்த மடக்கை). அதைப் போய் 0.5இல் வெட்டினால் உண்மையில் 0.622 என்ற நிகழ்தகவில் வெட்டியதாகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. ஒரு மாடலை ஒருவர் பைத்தானிலும் மற்றதை இன்னொருவர் ஆரிலும் இப்படி ஓட்டிவிட்டு ஒப்பிட்டால், தெரிவது மாடல்களின் வித்தியாசமா வெட்டின் வித்தியாசமா என்று பிரிக்கவே முடியாது.

வெட்டினால் என்ன தொலைகிறது? பத்தாம் வகுப்பில் 34 எடுத்தவர் தோல்வி, 35 எடுத்தவரும் 100 எடுத்தவரும் தேர்ச்சி. தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டால் எது மறையுமோ, அதுதான் இங்கேயும் மறைகிறது.

கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு. நான்கு பேர், முதல் இருவருக்கு நோய் உண்டு, அடுத்த இருவருக்கு இல்லை. அ மாடல் அவர்களுக்கு முறையே 0.9, 0.8, 0.2, 0.1 என்று தருகிறது. ஆ மாடல் 0.51, 0.51, 0.49, 0.49. இ மாடல் 0.45, 0.40, 0.10, 0.05. மூன்று மாடல்களையும் 0.5இல் வெட்டுங்கள். அ 100 சதவீதம் சரி. ஆவும் 100 சதவீதம் சரி. இ நால்வரையும் ‘இல்லை’ என்று சொல்லி 50 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. துல்லிய அட்டவணையை மட்டும் பார்ப்பவர் அவும் ஆவும் சமம், இ தேறாது என்று எழுதிவிடுவார். ஆனால் ஆ ஏறக்குறைய காசு சுண்டிப் போடுகிறது. இயோ நோய் உள்ளவர் இருவரையும் இல்லாதவர் இருவருக்கும் மேலே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது, 0.3இல் வெட்டியிருந்தால் அதுவும் 100 சதவீதம்தான்.

இதே நால்வருக்கு லாக் லாஸ் போடுவோம். உண்மையில் நடந்ததற்கு மாடல் கொடுத்திருந்த நிகழ்தகவின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றி, சராசரி காண்பதுதான் அது. குறைய இருந்தால் நல்லது. அவுக்கு 0.164, இக்கு 0.468, ஆவுக்கு 0.673. நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரியான பிரையர் ஸ்கோரும் (1950இலிருந்து வானிலைக் கணிப்பில் புழங்குவது) அதே வரிசையைத்தான் தருகிறது: 0.025, 0.169, 0.240. வெட்டுப்புள்ளி தந்த வரிசையில் கடைசியில் இருந்த இ இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. மாடலில் ஓர் எண்கூட மாறவில்லை.

இது காகிதக் கணக்கு என்று தோன்றலாம். நம் ஊரிலேயே பிறந்த ஓர் உதாரணத்துக்கு வருகிறோம். சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் தரவுகளிலிருந்து, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்டது இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களை ரத்தம் எடுக்காமல் முன்கூட்டியே சலித்தெடுப்பதற்கானது. லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் கிடைத்த கெழுக்களை, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய எடைகளை, முழு எண்களாக்கிச் செய்தது. வயது 35க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50ஐத் தொட்டால் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தொட்டால் 10, அதற்கும் மேலே இன்னொரு 10 செ.மீ. கூடினால் 20. உடலுழைப்பு இல்லாதவருக்கு 30, மிதமாக இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 100. அதில் 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். ஒரு டேப்பும் சில கேள்விகளும் போதும் என்பதால் கிராமத்துத் திண்ணையிலேயே போட்டுவிடலாம்.

60இல் வெட்டியபோது கிடைத்ததாக அவர்கள் வெளியிட்ட எண்கள்: உணர்திறன் 72.5 சதவீதம், அதாவது நோய் உள்ளவர்களில் இத்தனை பேர் பிடிபடுகிறார்கள். தனித்தன்மை 60.1 சதவீதம், நோய் இல்லாதவர்களில் இத்தனை பேர் சரியாக விடப்படுகிறார்கள். அபாயம் என்று குறிக்கப்பட்டவர்களில் உண்மையிலேயே நோய் உள்ளவர் 17 சதவீதம். மொத்தத் துல்லியம் 61.3 சதவீதம்.

அறுபத்தொன்றா, இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். இதே எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் கண்டறியப்படாத நோயாளிகள் ஏறத்தாழ 10 சதவீதம் என்று வருகிறது. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் 101 பேருக்கு நோய், 899 பேருக்கு இல்லை. மதிப்பெண் 101 பேரில் 73 பேரைப் பிடிக்கிறது, 28 பேரைத் தவறவிடுகிறது, நோயில்லாத 359 பேரையும் பரிசோதனைக்கு அனுப்புகிறது. இப்போது ஒரு போட்டி மாடலைக் கற்பனை செய்யுங்கள்: யார் வந்தாலும் ‘உங்களுக்குச் சர்க்கரை இல்லை’ என்று சொல்லி அனுப்பும் மாடல். அதன் துல்லியம் 89.9 சதவீதம்! ஒரு நோயாளியைக்கூடப் பிடிக்காத ஒன்று, 73 பேரைப் பிடிக்கும் ஒன்றைத் துல்லியத்தில் 28.6 புள்ளிகள் முந்துகிறது. ‘90 சதவீதத் துல்லியம்’ என்ற தலைப்பைக் கண்டால் எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் இந்த வெறும் மாடலின் நினைவுதான் வரும்.

இந்த இரண்டில் எது மேல் என்பதை நியாயமாக எடைபோட வழி இருக்கிறது. ஒரு நோயாளியைத் தவறவிடுவதும் ஒரு நலமானவரை வீணாக அலைய வைப்பதும் ஒரே அளவு தவறா? பரிசோதனைக்கு ஆவது ஒரு சொட்டு ரத்தம், கொஞ்சம் காசு, அரை நாள் கூலி. தவறவிட்டால் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகு தெரியவரும். வீண் அலைச்சல், தவறவிடுவதைவிட ஒன்பது மடங்கு லேசானது என்று மருத்துவர்கள் கருதினால், 1ஐ 1+9ஆல் வகுத்து 0.1 என்ற வெட்டுப்புள்ளி கிடைக்கிறது. 0.5 என்ற வெட்டு இரண்டு தவறும் சமம் என்று சொல்லாமல் சொல்கிறது. அதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வாளர்கள் விக்கர்ஸும் எல்கினும் 2006இல் முன்வைத்த நிகரப் பயன் கணக்கு இதையே எண்ணாக்குகிறது. பிடிபட்ட நோயாளிகளின் பங்கிலிருந்து, வீணாக அனுப்பப்பட்டவர்களின் பங்கில் ஒன்பதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அபாய மதிப்பெண்ணுக்கு 0.073இலிருந்து 0.040 கழிய, 0.033. யாரையும் அனுப்பாத மாடலுக்கு 0. ஆயிரம் பேரையும் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தால் 0.001. துல்லியம் 61 என்று ஒதுக்கப்படவிருந்ததுதான் மூன்றிலும் மேலானது. ஒன்பது மடங்கு என்பதை நான்கு மடங்காகக் குறைத்தால் விடை மாறும்; 0.073இலிருந்து 0.359இல் கால்பங்கைக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்போது விவாதம் எந்த இடத்தில் நடக்க வேண்டுமோ அங்கே, மருத்துவர்கள் மேசையில், நடக்கும்.

ஆய்வு மாணவர்கள் இன்னொரு வடிவத்தில் இதில் மாட்டுகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் மாறிகள் (வயது, இடுப்புச் சுற்றளவு போன்ற விவரங்கள்) எதுவும் சேர்க்காத பிளாக் 0 அட்டவணை 89.9 சதவீதம் காட்டும். மாறிகளைச் சேர்த்த பிளாக் 1 அட்டவணையும் 89.9 என்றே காட்டும். ‘மாறிகளால் பயனில்லை’ என்று முடிவுரை எழுதப்படும், சில சமயம் வழிகாட்டியே அப்படி எழுதச் சொல்வார். நடந்தது என்னவென்றால், பத்துக்கு ஒருவருக்கு நோய் உள்ள கூட்டத்தில் ஒருவரின் நிகழ்தகவு 0.03இலிருந்து 0.35 வரை ஏறினாலும் 0.5ஐத் தொடாது. மாடல் நன்றாகவே பிரித்திருக்கிறது; வெட்டு அந்தப் பிரிவைப் பார்க்காத உயரத்தில் இருக்கிறது. அதே வெளியீட்டில் சில வரிகள் மேலே -2 லாக் லைக்லிஹுட் என்ற எண் இருக்கும்; லாக் லாஸைப் போலவே நிகழ்தகவுகளிலிருந்து நேராக வருவது, குறைய இருந்தால் நல்லது. ஒரு மாடலின் மாறிகள் எல்லாம் மற்றதிலும் இருந்தால், இரண்டு மாடல்களின் அந்த எண்களைக் கழித்து, வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று கை-வர்க்கப் பட்டியலில் பார்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு மாறி கூடுதலாக இருந்தால் வித்தியாசம் 3.84ஐத் தாண்டினாலே 5 சதவீத மட்டத்தில் பொருட்படுத்தத்தக்கது. வெட்டுப்புள்ளிக்கு இதில் வேலையே இல்லை.

பொறியியல் கல்லூரி புராஜெக்ட்களில் அதிகம் புழங்கும் தரவு பிமா இந்தியர்களின் நீரிழிவுத் தரவு. பெயரைப் பார்த்து நம்மவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம்; அமெரிக்காவின் அரிசோனாப் பகுதிப் பழங்குடிப் பெண்கள். மொத்தம் 768 பேர், 268 பேருக்கு நோய். எல்லோருக்கும் ‘இல்லை’ என்றாலே 65.1 சதவீதம் வந்துவிடும். வழக்கப்படி ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் 154 பேர். அதில் ஒரு மாடல் 77 சதவீதமும் மற்றொன்று 79 சதவீதமும் என்றால் வித்தியாசம் மூன்று பேர்! 154 பேரில் கிடைத்த 77 சதவீதத்துக்கு இரு பக்கமும் ஆறரைப் புள்ளி ஆட்டம் உண்டு. யாரை எந்தப் பக்கம் போடுவது என்ற குலுக்கலில், தொடக்க எண்ணை 42க்குப் பதிலாக 7 என்று வைத்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு அந்தத் தரவில் 374 பேருக்கு இன்சுலின் 0 என்று பதிவாகியிருக்கிறது, 35 பேருக்கு ரத்த அழுத்தம் 0. உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி இருக்காது; அளக்காமல் விட்டதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூஜ்யங்களை நீக்கிய மாடலையும் நீக்காத மாடலையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது வெவ்வேறு மனிதர்களை ஒப்பிடுவதாகும். பொதுவாகவே, புதிய மாறியில் விடுபட்ட மதிப்புகள் இருந்தால் பல மென்பொருள்கள் அந்த ஆட்களின் பதிவுகளைச் சொல்லாமல் தூக்கிவிடும். இரண்டு மாடலிலும் ஆட்களின் எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

தரவைச் சமப்படுத்துவது இப்போது பரவலாகிவிட்ட வழக்கம். நோயாளிகள் குறைவு என்பதால் அவர்களைப் பெருக்கியோ எடையைக் கூட்டியோ பாதிக்குப் பாதியாக்கி மாடலை ஓட்டுவது. உணர்திறன் 20 சதவீதத்திலிருந்து 70க்குத் தாவும். ‘எங்கள் முறை மாடலை மேம்படுத்தியது’ என்று எழுதுவார்கள். லாஜிஸ்டிக் ரெக்ரஷனைப் பொறுத்தவரை இதில் முக்கியமாக மாறுவது இடைவெட்டு என்ற ஒரே ஒரு எண், அதாவது எல்லோருடைய கணக்கிலும் பொதுவாகச் சேரும் அடிப்படை எண். 10 சதவீதத்தை 50 சதவீதமாக்கினால் அது சுமார் 2.197, அதாவது 9இன் இயல் மடக்கை அளவுக்கு ஏறுகிறது. சமப்படுத்திய மாடலில் 0.5 என்பது பழைய மாடலில் 0.1. பழைய மாடலையே 0.1இல் வெட்டியிருந்தால் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான் பிடிபட்டிருப்பார்கள். மேம்பாடு என்று கொண்டாடியது வெட்டுப்புள்ளியை நகர்த்தியதைத்தான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு: பத்துக்கு ஒருவருக்கு நோய் வரும் குழுவைப் பார்த்து இந்த மாடல் இருவரில் ஒருவருக்கு வரும் என்கிறது. அந்த எண்ணை நோயாளியிடம் யாராவது படித்துக் காட்டினால் என்ன ஆகும்? இடைவெட்டிலிருந்து அந்த 2.197ஐத் திரும்பக் கழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழிப்பவர்கள் குறைவு.

சிலர் 0.5 கூடாது என்று தெரிந்து, ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கேற்ற ‘சிறந்த’ வெட்டுப்புள்ளியைத் தேடுகிறார்கள். உணர்திறனையும் தனித்தன்மையையும் கூட்டி 1ஐக் கழித்தால் வருவது யூடன் குறியீடு. அது உச்சமாகும் இடத்தில் வெட்டுவார்கள். இதில் இரண்டு சிக்கல். சோதனைத் தரவிலேயே உச்சத்தைத் தேடி, அதே தரவில் மதிப்பெண்ணும் போட்டால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதின கதை. அதிலும் சோதனையில் நோயாளிகள் 20 பேர்தான் என்றால், ஒருவர் இந்தப் பக்கம் வந்தாலும் உணர்திறன் ஐந்து புள்ளி மாறும்; 20இல் 15 பிடிபட்டால் 75 சதவீதம் என்று எழுதுகிறோம், அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 51இலிருந்து 91 வரை. இரண்டாவது, யூடன் குறியீடு இரண்டு வகைத் தவறுக்கும் தானாக ஓர் எடை வைத்துவிடுகிறது. அந்த எடை நம்முடையதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு மாடலுக்கு உணர்திறன் 40, தனித்தன்மை 95. மற்றதற்கு 55, 90. எது மேல்? சொல்லவே முடியாது. இரண்டும் ஒரே ஆர்ஓசி வளைவின் (ஒவ்வொரு வெட்டிலும் கிடைக்கும் உணர்திறனையும் தனித்தன்மையையும் கோத்து வரைந்த கோடு) மேல் இருக்கும் இரண்டு புள்ளிகளாக இருக்கலாம். அதாவது திறனில் வித்தியாசமே இல்லாமல் வெட்டு மட்டும் வேறாக இருக்கலாம். வளைவு முழுவதையும் வரைந்து அதன் கீழ்ப் பரப்பான ஏயூசியைப் பார்த்தால் வெட்டுப்புள்ளியின் குறுக்கீடு போகும். நோய் உள்ள ஒருவர், இல்லாத ஒருவர் என்று குருட்டாம்போக்கில் எடுத்தால் முன்னவருக்கு மாடல் அதிக மதிப்பெண் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே அது. முன்பு பார்த்த சென்னை அபாய மதிப்பெண்ணுக்கு 0.698, நூறு ஜோடியில் எழுபதை ஒட்டி. ஆனால் ஏயூசியையும் தெய்வமாக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வரிசையை மட்டுமே அது பார்க்கும். சமப்படுத்தி நிகழ்தகவுகளைக் கெடுத்த மாடலுக்கும் கெடுக்காததற்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். யாருமே பயன்படுத்தாத வெட்டுகளையும் சேர்த்துக் கூட்டிவிடும். இரண்டு ஏயூசிகளை ஒப்பிட 1988இல் வந்த டிலாங் சோதனை கைவசம் இருந்தாலும், பழைய மாடலோடு ஒரு மாறி கூட்டி அதே தரவில் ஒப்பிடும்போது அது சரியாக வேலை செய்யாது. அங்கே முன்சொன்ன லைக்லிஹுட் கழித்தல்தான். வெவ்வேறு மாறிகளைக் கொண்ட மாடல்கள் என்றால் ஏஐசி (மாறிகள் கூடக்கூட அபராதம் போடும் அளவு), அல்லது பத்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பில் (தரவைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் முறைவைத்துச் சோதனைக்கு ஒதுக்குவது) கிடைக்கும் லாக் லாஸ். கூடவே கேலிபரேஷன், அதாவது சொன்ன நிகழ்தகவும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்பது: மாடல் 20 சதவீதம் என்று சொன்ன ஆட்களில் நூற்றுக்கு இருபது பேருக்கு உண்மையில் நோய் இருந்ததா?

வெட்டித்தான் தீர வேண்டும் என்ற இடங்கள் உண்டு, முகாமில் யாரையாவது வரிசையில் நிறுத்தித்தானே ஆக வேண்டும். அப்போது எங்களுக்குப் பிடித்த முறை, கையிருப்பை வைத்து வெட்டுவது. ஆயிரம் பேரில் 300 பேருக்குத்தான் பரிசோதனைப் பட்டை இருக்கிறது என்றால், ஒவ்வொரு மாடலும் உச்சியில் வைக்கும் 300 பேரை எடுத்து, அதில் நோயாளிகள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு மாடலுக்கும் செலவு ஒன்று. பலன் நேருக்கு நேர் தெரிந்துவிடும். சென்னை மதிப்பெண் மாதிரிப் பத்துப் பத்தாக ஏறும் அளவுகோலில் மட்டும் சரியாக 300இல் நிறுத்த முடியாது. ஒரே மதிப்பெண்ணில் பலர் நிற்பார்கள், அங்கே குலுக்கல்தான். வெட்டை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும்போதும் கவனம் வேண்டும். உணர்திறனும் தனித்தன்மையும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், நோய் 5 சதவீதமே உள்ள இடத்தில் அதே 60 மதிப்பெண்ணைத் தொட்டவர்களில் உண்மை நோயாளிகள் 17இலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார்கள். 20 சதவீதம் உள்ள இடத்தில் 31க்கு ஏறுவார்கள்.

தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். துல்லிய சதவீதத்தோடு யாராவது வந்தால், சோதனையில் மொத்தம் எத்தனை பேர், அதில் நோயாளிகள் எத்தனை பேர், எந்த எண்ணில் வெட்டினீர்கள், அந்த எண்ணை யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டு, பதிலைச் செய்தியின் இரண்டாவது பத்தியிலேயே போடுங்கள். முதல் இரண்டு பதில்கள் கிடைத்தாலே, எல்லோருக்கும் ‘இல்லை’ என்று சொன்னால் எத்தனை சதவீதம் வந்திருக்கும் என்பதை வாசகரே போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்கள்,
சென்னை.